காசு போனதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

கேள்வி: பத்திரிகையைத் திறந்தால் வாள்வெட்டு, சங்கிலி அறுப்பு, வீடு உடைத்துக் களவு. மோசடி என்று எப்போதாவது ஒன்றுதான் வருகிறது. அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் ஏமாற்று வேலை குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா ஐயா?
வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: எடுத்துக்கொள்ளாதீர்கள், தங்கச்சி.

என்னிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு இரண்டு தரம் பறிபோயிருக்கிறது. முதலாவது சைக்கிள். நல்லூர்த் தேரன்று, பாதுகாப்பு நிலையத்துக்குக் கொடுக்கும் சில்லறையை மிச்சம் பிடிக்கப்போய், ஒரு மதிலோடு சாத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் மதில் மட்டும் நின்றது. நேரே பொலிஸுக்குப் போய் முறைப்பாடு எழுதுவித்தேன். நிறம், இலக்கம், கரியரில் கட்டியிருந்த பை வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இரண்டாவது, சீட்டுக்காசு 60,000 ரூபாய். சீட்டுப் பிடித்தவர் மனைவி வழியில் சொந்தம். கொழும்புக்குப் போயிட்டு வாறன் என்று போனவர், போனவர்தான். பொலிஸுக்குப் போனால் "துண்டு இருக்கோ?" என்பார்கள். துண்டு ஏது? அதைவிட, மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது? இன்றைக்குத்தான் அதை எழுத்தில் வைக்கிறேன். ஆகவே கணக்கின்படி நான் சைக்கிளைப் பறிகொடுத்த ஆள் மட்டுந்தான்.

வாள்வெட்டில் காயப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனாலே பொலிஸுக்குத் தகவல் போய்விடும். ஏமாந்தவர் தானே நடந்து போய்ச் சொல்லவேண்டும். பொலிஸார் வருடாவருடம் தொகுக்கும் பாரதூரமான குற்றப் பட்டியலிலும், சைக்கிள் களவுக்கும் மாட்டுக் களவுக்கும் பெறுமதி பார்ப்பதில்லை. மற்றக் களவுகளுக்கு ஆயிரக் கணக்கில் ஒரு எல்லை. மோசடி என்றால் இலட்சத்தைத் தாண்டவேண்டும். நான் முறையிட்டிருந்தாலும் என் 60,000 வெளியேதான் நின்றிருக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் கணக்கோடு நிற்காமல் சனத்திடமே நேரே கேட்டும் ஒரு கணக்கெடுக்கிறார்கள். அதில் பத்துக் குற்றத்தில் ஏறக்குறைய நான்கு மோசடி. அவற்றில் முறைப்பாடாகப் போவது ஏழுக்கு ஒன்றுகூட இல்லை. எங்களுடைய கூச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

நொத்தாரிசு கந்தோரில் இலிகிதராக இருந்த பழக்கத்தில் இன்னும் சிலர் கடதாசிகளோடு என்னிடம் வருவார்கள். போன மாதம் கோண்டாவிலிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனுக்குக் கனடாவில் வேலை என்று ஏஜென்சிக்காரர் ஒருவருக்கு 12 இலட்சம் கொடுத்திருக்கிறார். தாலிக்கொடி அடகில். அத்தாட்சி என்று நீட்டியது ஒரு கலண்டர் தாள். பின்பக்கத்தில் தொகையும் ஒரு கையெழுத்தும், முன்பக்கத்தில் அன்றைய ராகுகாலம்.

ஏமாற்றிக் காசு வாங்கினால் தண்டனைச் சட்டக்கோவை 403ஆம் பிரிவில் 7 வருடம் வரை சிறை என்று சொன்னேன். அந்த ஆளுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு, 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கவும் சொன்னேன்.

"பொலிஸ் அது இதெண்டு போனால் பெடியன்ரை அலுவல் குழம்பிப்போகும் ஐயா. அவர் இன்னும் போன் எடுக்கிறார்தானே" என்றார்.

கலண்டர் தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை என் லாச்சியில் வைத்திருக்கிறேன். நேற்று அவரைச் சந்தையில் கண்டபோது கேட்டேன். இப்போது மணி அடிக்கிறதாம், எடுப்பதில்லையாம்.