டோக்கனை ஸ்கிரிப்டுக்குள் எழுதலாமா?

கேள்வி: ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் கணக்கை தினமும் ராத்திரி கிட்ஹப்பில் (ஃபைல்களையும் புரோகிராம்களையும் சேமித்து வைக்கும் இணையதளம்) ஏற்ற ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பாஸ்வேர்டை ஏற்கவில்லை, டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதில் கிட்ஹப் உருவாக்கித் தரும் நீளமான ரகசியக் குறியீடு) கேட்டது. அதை ஸ்கிரிப்டுக்குள்ளேயே போட்டுவிட்டேன், நன்றாக ஓடுகிறது. நண்பர் பார்த்துவிட்டுத் திட்டுகிறார். பாஸ்வேர்டைவிட டோக்கன் பாதுகாப்பு என்றுதானே சொல்கிறார்கள்?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நண்பர் திட்டியது சரிதான். கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்து கிட்ஹப்பில் ஏற்றும் கருவி) வேலைகளுக்குப் பாஸ்வேர்டை ஏற்பதை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியே நிறுத்திவிட்டது, அதனால்தான் டோக்கன் கேட்டது. ஆனால் டோக்கன் என்பது பேரர் செக் மாதிரி, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். ஓடிபிகூடக் கேட்காது.

அப்புறம் என்ன பாதுகாப்பு என்றால், ஹார்பர் கேட் பாஸை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்று அதில் இருக்கும். டோக்கனையும் அப்படிக் கட்டலாம், தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம், பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து, காலாவதியே வேண்டாம் என்று எடுத்து வைத்தால் அந்தப் பலன் போய்விடும், நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் ஒன்று பாருங்கள். அந்த ஸ்கிரிப்டையும் கிட்ஹப்பில் ஏற்றியிருக்கிறீர்களா? ஏற்றியிருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன்பே செட்டிங்ஸுக்குப் போய் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள். அந்த வரியை அழித்துவிட்டு இன்னொரு கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், ரெப்போ (கிட்ஹப்பில் உங்கள் ஃபைல்கள் இருக்கும் கிடங்கு) பப்ளிக்காக இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

புது டோக்கனை ஃபைன்-கிரெய்ன்ட் (எதற்கு அனுமதி என்று தனித்தனியாகக் கட்டும்) வகையில் எடுங்கள். அந்த ஒரே ரெப்போ, கன்டென்ட்ஸ் (ஃபைல்களைப் படிக்க, எழுத) அனுமதி மட்டும், 90 நாள். அதை என்விரான்மென்ட் வேரியபிளில் (ஸ்கிரிப்டுக்கு வெளியே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மதிப்பு) வைத்து, ஸ்கிரிப்ட் அங்கிருந்து படிக்கட்டும். தனி ஃபைலில் வைத்தால் அந்தப் பெயரை கிட்இக்னோரில் (கிட் ஏற்றக் கூடாத ஃபைல்களின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

நாளைக்கு இதே வேலையை கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (ஸ்கிரிப்டைத் தானாகவே ஓட்டும் கிட்ஹப்பின் வசதி) ஓட்டினால் அந்த ரெப்போவுக்கான டோக்கனை அதுவே ஒவ்வொரு முறையும் புதிதாகத் தரும், வேலை முடிந்ததும் அது செத்துவிடும். அதுவரைக்கும் அந்த 90-வது நாளை உங்கள் காலண்டரில் குறித்து வையுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் முந்தின ராத்திரி கணக்கே ஏறியிருக்காது.