தம்பிக்கு ஹேக்கர் டி-ஷர்ட் வாங்கணும், அதுல எழுதியிருக்கறதுக்கு எல்லாம் என்ன அர்த்தம்?

மூணு டிசைன் சொல்லியிருந்தீங்க. 127.0.0.1 போட்டது, சிஎச்மாட் 777 போட்டது, அப்புறம் மண்டை ஓடு படத்தோட பிளாக் ஹேட்னு எழுதுன ஹூடி. தம்பி சைபர் செக்யூரிட்டி முதல் வருஷம்னு வேற சொல்றீங்க. நான் ஒன்பது வருஷமா பென்டெஸ்டிங்ல, அதாவது அனுமதியோட சிஸ்டத்துல ஓட்டை தேடித் தர்ற வேலையில இருக்கேன், என் பீரோல பாதி இந்த மாதிரி டி-ஷர்ட்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

127.0.0.1 தாராளமா வாங்கலாம். ஒரு கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்குற அட்ரஸ் அது, அங்க அனுப்புற டேட்டா பாக்கெட் மெஷினை விட்டு வெளியவே போகாது, அதனால வீடுங்கற வார்த்தைக்கு பதிலா இந்த நம்பரை போட்டு 'வீடு மாதிரி வராது'னு அடிச்சிருப்பாங்க. கிளாஸ்ல எல்லாருக்கும் பார்த்ததும் புரியும்.

சிஎச்மாட் 777 வேணாம். லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஒரு ஃபைலை யார் என்ன பண்ணலாம்னு மாத்துற கமாண்ட்தான் சிஎச்மாட். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1, மூணையும் கூட்டினா 7. ஓனருக்கு ஒரு 7, குரூப்புக்கு ஒரு 7, மத்த அத்தனை பேருக்கும் ஒரு 7. அதாவது அந்த மெஷின்ல யார் வேணா இந்த ஃபைலை என்ன வேணா பண்ணிக்கோன்னு திறந்து விடுறது. பெர்மிஷன் எரர் வருதேன்னு அவசரத்துல யாரோ போட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருப்பாங்க, ஆடிட்ல இதை எங்க பார்த்தாலும் நான் ரிப்போர்ட்ல எழுதாம விடமாட்டேன். இந்த ஃபீல்டுக்கு வர்ற பையன் நெஞ்சுல போட்டுக்குற விஷயம் இல்ல.

பிளாக் ஹேட் ஹூடிதான் எனக்கு உண்மையிலேயே மனசு கேக்காத விஷயம். பழைய கௌபாய் படங்கள்ல வில்லனுக்கு கறுப்புத் தொப்பி, ஹீரோவுக்கு வெள்ளைத் தொப்பி, அங்கிருந்து வந்த பேர்தான், கெட்ட ஹேக்கர் பிளாக் ஹேட், நல்ல ஹேக்கர் ஒயிட் ஹேட். ஆனா ரெண்டு பேரும் ஓட்டுற டூல் ஒண்ணுதான், அடிக்கிற கமாண்டும் ஒண்ணுதான், அனுமதி வாங்கினியா இல்லையாங்கறது மட்டும்தான் வித்தியாசம். நம்ம ஊர் சட்டத்துலயும் அனுமதி இல்லாம உள்ள போனாலே ஐடி ஆக்ட் 43வது பிரிவு, அதையே கெட்ட நோக்கத்தோட பண்ணா 66, மூணு வருஷம் வரை ஜெயில், அஞ்சு லட்சம் வரை ஃபைன்.

இதை நான் அனுபவிச்சே தெரிஞ்சுக்கிட்டேன். காலேஜ் மூணாவது வருஷம், எங்க ரிசல்ட் போர்ட்டல்ல லிங்க் கடைசியில என் ரோல் நம்பர் இருந்துச்சு, அதுல ஒரு நம்பரை மாத்தினா பக்கத்து பையன் மார்க்ஷீட் அப்படியே திறந்துச்சு. இதுக்கு ஐடார்னு ஒரு பேர் இருக்குன்னு கூட அப்ப தெரியாது. ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து பொறுப்புல இருந்த சார்கிட்ட கொண்டு போனேன். அன்னைக்கு நான் போட்டிருந்தது கறுப்பு டி-ஷர்ட், பச்சை எழுத்துல 'நம்புங்க, நான் ஹேக்கர்'னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்ல, டி-ஷர்ட்டைத்தான் படிச்சார். ஒரு வாரம் சஸ்பெண்ட், அப்பாவை வரச் சொன்னாங்க. அந்த ஓட்டையை ரெண்டு மாசம் கழிச்சு சத்தமில்லாம அடைச்சாங்க. எனக்கு இன்னிக்கும் அந்த வருத்தம் போகல.

அதுக்காக டி-ஷர்ட்டே தப்புன்னு சொல்ல வரல. 1990கள்ல அமெரிக்காவுல பலமான என்கிரிப்ஷன், அதாவது தகவலை மத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டுற முறை, ராணுவத் தளவாடப் பட்டியல்ல இருந்துச்சு, ஏவுகணை, டாங்கியோட சேர்த்து. 1994ல ஒரு புத்தகத்துல அச்சடிச்ச என்கிரிப்ஷன் புரோகிராம் கோடை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதே கோடை ஃப்ளாப்பியில போட்டு அனுப்பக்கூடாதுன்னு அரசாங்கமே சொல்லுச்சு. பிஜிபிங்கற ஈமெயில் என்கிரிப்ஷன் புரோகிராமை எழுதின ஃபில் சிம்மர்மேன் மேல வருஷக்கணக்கா விசாரணை ஓடி 1996 ஜனவரியிலதான் கைவிட்டாங்க. இதுக்கு நடுவுலதான், 1995ல, ஆடம் பேக்னு ஒரு பிரிட்டிஷ்காரர் ஆர்எஸ்ஏங்கற என்கிரிப்ஷன் முறையை பெர்ல்ங்கற புரோகிராமிங் மொழியில சில வரிக்குள்ள சுருக்கி எழுத, அதை டி-ஷர்ட்ல அடிச்சு, இந்தச் சட்டை ஒரு ஆயுதம், நாட்டை விட்டு வெளிய கொண்டு போகாதேன்னு எச்சரிக்கையும் போட்டாங்க. துணியில இருந்த அந்தச் சில வரி அந்தச் சட்டத்தோட அபத்தத்தை அவ்வளவு தெளிவா காட்டுச்சு. 2000ல விதிகளைத் தளர்த்திட்டாங்க, ஆனா ஏற்றுமதிக்குன்னு வேணும்னே பலவீனமாக்கின 512 பிட் என்கிரிப்ஷன் சாவிகள் சர்வர்கள்ல தங்கிப் போய், 2015ல அந்தச் சாவியை உடைச்சு உள்ள வர்ற ஃப்ரீக்ங்கற அட்டாக்கா வந்து நின்னுச்சு. வாய்ப்பு கிடைச்சா அந்த பெர்ல் டி-ஷர்ட்டோட நகல் வாங்கிக் குடுங்க, தம்பிக்கு ஒரு செமஸ்டருக்கு பேச விஷயம் இருக்கு.

இன்னொண்ணு கடையில கிடைக்காது. நெதர்லாந்து அரசாங்க சைட்ல ஓட்டை கண்டுபிடிச்சு முறையா சொன்னா, 'நான் டச்சு அரசை ஹேக் பண்ணேன், கிடைச்சது இந்த ஒண்ணுக்கும் ஆகாத டி-ஷர்ட்தான்'னு எழுதி கறுப்பு டி-ஷர்ட் ஒண்ணு அனுப்புவாங்க. எங்க டீம் பையன் ஒருத்தனுக்கு ஈரோட்டு வீட்டுக்கு பார்சல் வந்துச்சு, அவங்க அம்மா என்னடா எழுதியிருக்குன்னு கேட்டு, அர்த்தம் சொன்னதும் போலீஸ் வந்துடப் போகுதுன்னு பயந்துட்டாங்களாம், அந்த அரசாங்கமே அனுப்பினதுன்னு அவன் புரிய வச்ச அப்புறம், அதை தனியா அலசி நிழல்லதான் காயப் போடுறாங்க.

இப்போதைக்கு 127.0.0.1 வாங்குங்க, அளவு ஒண்ணு கூடவே எடுங்க, ரெண்டு துவைப்புல சுருங்கிடும். டச்சு டி-ஷர்ட் மேல தம்பிக்கு ஆசை வந்தா, எதை டெஸ்ட் பண்ணலாம் எதைத் தொடக்கூடாதுன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க, முதல்ல அதை முழுசா படிக்கச் சொல்லுங்க.