பழைய அமெரிக்கத் துப்பறியும் படங்களில் அடிக்கடி சாகும் அந்தக் குள்ளமான, பெரிய கண்கள் கொண்ட நடிகர் யார்?

அவர் எலிஷா குக் ஜூனியர். 1903இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். முதலில் நாடக மேடைதான்; 1933இல் யூஜின் ஓ'நீலின் நாடகம் ஒன்றில் பிராட்வேயில் நடித்துக் கவனம் பெற்றார்.

திரையில் அவரை நிலைநிறுத்தியது 1941இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்'. அதில் வில்மர் என்ற அடியாள். துப்பாக்கி வைத்திருந்தும் யாரும் மதிக்காத பையன். அதிலிருந்து தோற்றுப்போகிறவன், ஏமாறுகிறவன், கொல்லப்படுகிறவன் என்றாலே இவரைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கணக்கில் அவருடைய உச்சம் 1946இன் 'தி பிக் ஸ்லீப்'. வருவதே சில நிமிடங்கள்தான். ஒரு பெண்ணின் இருப்பிடத்தைச் சொல்லும்படி கொலைகாரன் மிரட்டுகிறான். இவர் நடுங்கிக்கொண்டே பொய் முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவன் நீட்டும் விஷத்தைக் குடித்துச் சாகிறார். அந்தப் பெண் அதற்குத் தகுதியானவளா என்பது வேறு விஷயம்! கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட் பக்கத்து அறையில் ஒட்டுக்கேட்பதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை.

'ஷேன்' (1953) படத்தில் சேற்றுத் தெருவில் சுடப்பட்டு விழுவார். 'தி கில்லிங்' (1956) படத்தில் மனைவியிடம் கொள்ளைத் திட்டத்தை உளறிக் கொட்டும் பந்தயத் திடல் காசாளர்.

தொலைக்காட்சியிலும் நிறைய வந்தார். 1967இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கணினியை நம்பாத, புத்தகப் பித்துப் பிடித்த வக்கீல். எண்பதுகளில் 'மேக்னம்' தொடரில் ஐஸ் பிக் என்ற தாதா. அடியாளாகத் தொடங்கியவருக்குப் பதவி உயர்வுதான். 1995இல் கலிபோர்னியாவில் காலமானார்.