இரட்டைக் குட்டி: கிடா காரணமா, பெட்டை காரணமா?

கிடாவை மாற்றிப் பார்த்தும் செம்மறி ஆடுகள் ஒற்றைக் குட்டிதான் போடுகின்றன. கிடாவில் குறையா?

பாவம், கிடாவை விட்டுவிடுங்கள். ஒரு சினைப்பருவத்தில் பெட்டையின் சினைப்பையிலிருந்து எத்தனை முட்டை வெளிவருகிறதோ, அதைப் பொறுத்ததுதான் குட்டி எண்ணிக்கை. ஒரே முட்டை பிளந்து இரட்டையாவது செம்மறியில் மிக அபூர்வம். கிடாவின் மரபு அதன் மகள்கள் ஈனும்போதுதான் தெரியவரும்.

இரட்டைக்குக் காரணம் பூரூலா மரபணு என்கிறார்களே, அது என்ன?

6வது குரோமோசோமில் உள்ள மரபணு ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அது உண்டாக்கும் புரதத்தில் 249வது இடத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. 2001இல் இதைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணமாகச் சினைப்பையில் ஒரு முட்டைப்பை முந்தி வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். இந்த மாற்றம் உள்ள ஆட்டிலோ பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுவதால் இரண்டு, மூன்று என்று சேர்ந்து வெடிக்கும். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து இந்த மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் ஈற்றுக்குச் சுமார் ஒரு குட்டி கூடும். இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி இருந்தால் ஒன்றரை.

ஆஸ்திரேலியாவின் மெரினோ இனச் செம்மறியில் பேர் வாங்கிய இந்த மரபணு அந்த ஊர்ச் சரக்கே அல்ல. 1790களில் வங்காளத்திலிருந்து கப்பலேறிய ஆடுகள் கொண்டுபோனதாகத்தான் கருதப்படுகிறது. சுந்தரவனத்துக் குள்ள ஆடான கரோலிலும் அச்சு அசலாக இதே மாற்றம் இருக்கிறது.

அப்படியானால் எந்த மரபணுவானாலும் இரண்டு பிரதி சேர்ப்பதுதானே லாபம்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நியூசிலாந்தின் ராம்னி ஆடுகளில் கண்ட இன்வர்டேல் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு பிரதி உள்ள பெட்டை கூடுதலாக ஈனும். இரண்டு பிரதி வந்தாலோ சினைப்பை வளராமல் மெலிந்து கிடக்கும், அந்தப் பெட்டை மலடு. இந்த மரபணு உள்ள கிடாவை அதன் மகள்களோடே சேர்த்தால், பிறக்கும் பெட்டைகளில் பாதி மலடாகிவிடும். எந்த மரபணு என்று தெரியாமல் கிடா வாங்காதீர்கள். ரத்தத்திலோ காது மடல் துணுக்கிலோ டிஎன்ஏ சோதனை செய்தாலே தெரிந்துவிடும்.

சோதனை வசதி இல்லை. இரட்டை ஈன்ற ஆட்டின் குட்டியை வைத்துக்கொண்டால் போதாதா?

போதும், ஆனால் பொறுமை வேண்டும். பெரிய மரபணு ஏதும் இல்லாத மந்தையில், குட்டி எண்ணிக்கை வேறுபாட்டில் மரபின் பங்கு பத்தில் ஒன்று அளவே. மீதி தீவனம், வயது, பருவகாலம். முதல் ஈற்றில் ஒற்றை போட்டதென்று ஆட்டைக் கழிக்காமல், தாய், அத்தை, அக்கா என்று குடும்பம் முழுவதன் ஈற்றுக் கணக்கையும் நோட்டில் எழுதுங்கள்.

மூன்று குட்டி ஈனுவது நல்லதா?

ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான். மூன்றாவது குட்டி எடை குறைந்து பிறக்கும், சீம்பாலுக்கும் முண்டியடிக்கும். புட்டிப்பால் கொடுக்க ஆள் இல்லையென்றால் இரட்டையோடு நிறுத்திக்கொள்ளும் மரபே போதும்.

கிடாக்குட்டியோடு பிறந்த பெட்டை மலடாகுமா?

மாட்டில் பெரும்பாலும் ஆகும். செம்மறியில் அபூர்வம்; தைரியமாக வளர்க்கலாம்.