சேவைக்குச் சம்பளமா?

கேள்வி: சமூகப் பிரச்சினைகளைப் படமாக்கும் ஆவணப்பட நிறுவனம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்து, பத்து நாள் தங்கி, ஓகிப் புயலில் கணவரை இழந்த பெண்களைப் பேசவைத்துப் படம் எடுத்துச் சென்றது. லாப நோக்கமற்ற நிறுவனம் என்றார்கள். ஆனால் இயக்குநர் முதல் ஒலிப்பதிவாளர் வரை எல்லோரும் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. எங்கள் கண்ணீரைக் காட்டிச் சம்பளம் வாங்குவது எந்த வகையில் சேவை? இப்போது அடுத்த படத்துக்கு நன்கொடை கேட்டு எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?
— தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: சம்பளம் வாங்கியதில் தவறு ஒன்றும் இல்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் இறக்கிவைத்திருக்கும் இடந்தான் சரியில்லை.

நம் குமரி மாவட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால், பெண் கோயில் படியில் கால் வைப்பதை மேலேயிருந்து எடுக்க ஒரு டிரோன், நிச்சயதார்த்தத்துக்குத் தனி ஆல்பம், மறுவீட்டுக்குத் தனி வீடியோ என்று கேட்ட தொகையை எடுத்துவைக்கிறோம். அதே கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் முந்திரி ஆலையான அண்டியாபீசுக்குள் நுழைந்து, தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் வெந்து கறுத்துப்போன பெண்களைப் படம் எடுத்தால் மட்டும், அவர் காற்றைக் குடித்து உயிர் வாழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒலிப்பதிவாளருக்கும் வீட்டு வாடகை உண்டு. மணிக்கணக்கில் பதிவாகிக் கிடக்கும் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதிலிருந்து ஒரு மணி நேரப் படத்தைப் படத்தொகுப்பாளர் பிரித்தெடுக்கும் மாதங்களில் அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். சம்பளமே இல்லாமல்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டுமென்றால், தகப்பன் சொத்து உள்ள பிள்ளைகள் மட்டுமே ஆவணப்படம் எடுப்பார்கள். வள்ளத்துக்குப் போகிறவர் வீட்டுப் பையன் கேமரா பிடிக்கும் நாள் வரவே வராது.

லாப நோக்கமற்றது என்பதற்குச் சட்டத்தில் திட்டமான பொருள் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்ற ஒரு கம்பெனி வருமானம் ஈட்டலாம். செலவு போக மீதியும் வைத்துக்கொள்ளலாம். அந்த மீதியை உறுப்பினர்கள் ஈவுத்தொகையாகப் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. எந்த நோக்கத்துக்காகக் கம்பெனி தொடங்கப்பட்டதோ அதற்கே செலவிட வேண்டும். உழைத்தவருக்கு நியாயமான ஊதியம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அத்தகைய கம்பெனி ஆண்டுதோறும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் கணக்கைச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். ‘பிறகுதான் தெரிய வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சாயாக்கடையில் காதோடு காதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் அல்ல அது.

சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அது யார் கொடுத்த பணம் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பணத்தில் கை கழுவும் பழக்கத்தைப் பற்றியும் மரம் நடுவதைப் பற்றியும் படங்கள் வரும்; பணம் கொடுத்தவரின் தொழிலைக் கேள்வி கேட்கும் படம் வருமா என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். வெளிநாட்டுப் பணம் வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செய்தியும் நடப்பு விவகார நிகழ்ச்சியும் தயாரிக்கும் நிறுவனங்கள் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. ஆவணப்படத்துக்கும் நடப்பு விவகாரத்துக்கும் நடுவே வேலி எங்கே இருக்கிறது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாத நிலையில், விவரம் தெரிந்த நிறுவனங்கள் அந்த வழியில் காலெடுத்து வைக்கவே யோசிக்கின்றன. மிஞ்சுவது உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் சிறு தொகைதான். அதனால்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

சந்தை தொடாத விஷயங்களை எடுப்பதற்குத்தான் இப்படிப்பட்ட நிறுவனங்கள் வேண்டியிருக்கின்றன. புயலுக்கு எல்லாக் கேமராக்களும் வரும். ஓகியில் காணாமற்போன மீனவர்களை மீட்கக் கோரி 2017 டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தபோது தொலைக்காட்சிகள் வந்தன. சில நாட்களில் போய்விட்டன. மெதுவாக நடப்பதைப் பார்க்க யாரும் வருவதில்லை. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அது வந்த வழியைத் தேடிக்கொண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சிக்கு வந்து மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேலாகியும், கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த அந்த மணலின் மேல் குடியிருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஓராண்டு கூட இருந்து கேட்க எந்தத் தொலைக்காட்சிக்குப் பொறுமை இருக்கிறது? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவரின் இருபதாண்டு வாழ்க்கையை யார் எடுப்பார்கள்?

இவ்வளவும் அவர்கள் பக்கம் நின்று சொன்னேன். இனி உங்கள் பக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டின் முன்னறையில், மாலை போட்ட புகைப்படத்தின் சட்டத்துக்குப் பின்னாலிருந்து, நான்காக மடித்த காகிதம் ஒன்றை அந்த வீட்டுப் பெண் எடுத்து நீட்டினார். படம் எடுக்க வந்தவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்ட ஒப்புதல் படிவத்தின் நகல் அது, முழுக்க ஆங்கிலம். அவருடைய முகத்தையும் குரலையும் உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எந்த ஊடகத்திலும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை அவர் தாமாகவே விரும்பி வழங்குவதாக அதில் இருந்தது. நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். வியப்போ கோபமோ அவரிடம் இல்லை. “எனக்க அழுகைய எல்லாரும் பாத்தாச்சு, நாந்தான் பாக்கல்ல” என்று மட்டும் சொன்னார். படம் வெளியாகி அப்போது இரண்டாண்டு ஆகியிருந்தது.

நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டிய இடம் இது. உங்கள் ஊரில் எடுத்த படம் உங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. திருவனந்தபுரத்தில் 2008 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்திர அகாதமி ஒரு சர்வதேச விழா நடத்திவருகிறது. தூத்தூரில் எடுத்த படம் அங்கே திரையிடப்படலாம், கைதட்டலும் விருதும் வாங்கலாம், மகிழ்ச்சி. அங்கிருந்து களியக்காவிளை வழியாக உங்கள் ஊருக்கு வர அரை நாள்கூட ஆகாது. அந்தத் தூரத்தைப் படம் திரும்பிக் கடக்கவில்லை என்றால், கணக்குப் புத்தகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த நிறுவனத்தின் லாபம் வேறு எங்கோ பங்கு போடப்பட்டுவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

தணிக்கைச் சான்றிதழ் வாங்கவில்லை, ஆகவே பொதுவில் திரையிட முடியாது என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். அது முழுப் பொய்யும் அல்ல. 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் ஆவணப்படத்துக்கும் பொருந்தும், இந்தித் திரைப்பட இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் தம்முடைய ஆவணப்படம் ஒன்றுக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றும், முன்தணிக்கை செல்லும் என்றே 1970இல் தீர்ப்பு வந்தது. ஆனால் விமானச் சீட்டுக்கும் விழா நுழைவுக் கட்டணத்துக்கும் வரவுசெலவில் இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் செலவை ஒதுக்கத் தெரியாதா? குறைந்தபட்சம், பேசிய பெண்களை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து மடிக்கணினியில் ஓட்டிக் காட்டுவதற்கு எந்த வாரியத்தின் முத்திரையும் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. வெளியிடுவதற்கு முன்பே காட்டினால், ‘இந்த இடத்தை எடுத்துவிடுங்கள், இதை என் மகன் பார்க்க வேண்டாம்’ என்று அவர்கள் சொல்லக்கூடும். பல இயக்குநர்கள் அஞ்சுவது இதற்குத்தான். தணிக்கை வாரியத்தை எதிர்த்து மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு விதவையின் வெட்டுக்குப் பயப்படுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நன்கொடை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள், ஆனால் முதலில் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: போன படத்தின் வரவுசெலவு, தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவம், உங்கள் ஊரில் படத்தைக் காட்டும் தேதி. பதில் வந்த பிறகு 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதாக இருந்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாக அதற்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது. தேதி குறித்தார்களென்றால் பங்குத்தந்தையிடமும் பங்குப்பேரவையிலும் இப்போதே சொல்லி வையுங்கள். ஆண்கள் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் முடிந்து கரையில் இருக்கும் நாளாகப் பாருங்கள். அன்றைக்கு மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் பொறுப்பையாவது ஊர் ஏற்றுக்கொள்ளட்டும். அதையும் அவர்கள் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம்.