பேக்கேஜ் மேனேஜரைப் புதிதாக எழுதலாமா, இருப்பதைத் திருத்தலாமா?

இறுதியாண்டு புரொஜெக்டுக்குப் புதிதாக ஒரு பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருள்களை இறக்கி, நிறுவி, புதுப்பிக்கும் கருவி) எழுதலாமா, டெபியன் லினக்ஸின் ஆப்ட், பைதன் மொழியின் பிப் மாதிரி இருப்பவற்றையே திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருப்பவை மெதுவாக ஓடுகின்றன என்பது உங்கள் குறை. திருத்துங்கள் என்பேன். சொந்தமாக ஒன்றை எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

பைதனில் எழுதினேன். சேர்வரிலிருந்து இறக்கி, விரித்து, உரிய இடத்தில் வைப்பதற்கு ஒரு கிழமைதான் பிடித்தது. பெருமையாகவே திரிந்தேன். 2022 மின்வெட்டுக் காலம், யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து வேலை, பற்றரி செத்த பழைய லப்டொப். பேக்கேஜ்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது எது பழைய பதிப்பு, எது புதியது என்று என் நிரலுக்கே தெரியவில்லை. டெபியனில் ஆப்டுக்கு அடியில் நின்று நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி இப்படித் திகைத்து நிற்காது. ஒவ்வொரு பேக்கேஜும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, விரித்தாயிற்றா, அமைத்தாயிற்றா என்று எழுதிவைத்துக்கொண்டே போகும். பிறகு ஒரு கட்டளை கொடுத்தால் அரைகுறையாக நின்றவற்றை எடுத்து முடிக்கும். 1994இல் தொடங்கிய கருவி. எத்தனை பேர் வீட்டில் கரண்ட் போய் அந்த அறிவு அதற்குள் சேர்ந்ததோ!

எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று தேடுவது இன்னொரு தலையிடி. பிப் கூட அதற்கு ஒழுங்கான தீர்வு முறையை 2020 கடைசியில்தான் தன் இயல்பு முறையாக்கியது.

சரி, புதியவை வெல்லவில்லையா? வென்றன. 2016இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு யார்ன் வந்தது, 2024இல் பைதனுக்கு யு.வி. வந்தது. ஆனால் யார்ன் பேக்கேஜ்களை இழுத்தது அதற்கு முன்பே இருந்த என்.பி.எம். என்ற கருவியின் களஞ்சியத்திலிருந்து, யு.வி. இழுப்பது பைதனின் அதே பழைய களஞ்சியத்திலிருந்து. எங்கள் ஊரில் துலாவைக் கழற்றிவிட்டு மோட்டர் பூட்டியது போலத்தான், கிணறு அதே கிணறு. நீங்கள் கிணற்றையும் சேர்த்து வெட்டப் போனால் அதில் பேக்கேஜ் போட ஆள் வேண்டும். அந்த ஆட்களை ஒரு புரொஜெக்ட் காலத்தில் பிடிக்க முடியாது.

பைதன்காரர் பாவிக்கும் இன்னொரு பேக்கேஜ் மேனேஜரான கொண்டாவின் கதை எனக்குப் பிடிக்கும் (தமிழில் வாசித்தால் பேக்கேஜ் மேனேஜருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது). அது மிக மெதுவாக ஓடியதால் மம்பா என்று வேகமான ஒன்றை எழுதினார்கள். 2023இல் கொண்டாவே மம்பாவில் ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடும் பகுதியை எடுத்துத் தன் இயல்பு முறையாக்கிக்கொண்டது. உங்கள் புரொஜெக்டும் அப்படி ஒரு பகுதியாக இருக்கலாம்.

புதிதாக எழுதியே தீரவேண்டிய இடமும் உண்டு. 2003இல் தொடங்கிய நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜர் ஒவ்வொரு பேக்கேஜையும் தனித்தனிப் பாதையில் வைக்கிறது. ஒன்றின் இரண்டு பதிப்புகள் மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்லாவற்றையும் பொதுவான கோப்புறைகளில் கொட்டும் ஆப்டுக்குள் இதை ஒட்டவைக்க முடியாது, அடித்தளமே வேறு. அப்படி ஒரு காரணம் உங்களிடம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

அதற்கு முன் மெதுவாக இருப்பது எது என்று அளந்து பாருங்கள். நான் படிப்பிக்கும் வகுப்பிலும் ஆப்ட் ஊருகிறது என்றுதான் முறைப்பாடு. பார்த்தால் எல்லா மெஷினும் ஒரே கோப்புகளை ஒரே டொங்கிளால் இழுத்துக்கொண்டிருந்தன. மூலையில் கிடந்த பழைய மெஷினில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற நிரலைப் போட்டு, ஒருதரம் இறக்கியதை மற்றவர்கள் அதிலிருந்து எடுக்கும்படி செய்தேன். பின்னேரத்துக்குள் வேலை முடிந்தது.