ஆங்கில வழியில் படித்திருந்தாலும் தேர்வு எழுதத்தான் வேண்டும், தம்பி

தம்பி, எல்.கே.ஜி.யிலிருந்து இன்ஜினியரிங் வரை ஆங்கில வழியில்தான் படித்தேன், வீட்டிலும் பாதி நேரம் ஆங்கிலம்தான், ஆஸ்திரேலிய பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, விண்ணப்பிக்கும்போது ஆங்கிலமே தாய்மொழி போன்ற நேட்டிவ் ஸ்பீக்கர் என்று காட்டி ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதாமல் தப்பிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை, கார், எந்த நகரத்தில் குளிர் குறைவு என்றும் ஒரு பட்டியல். அதெல்லாம் வந்து இறங்கினால் தானாகப் புரிந்துவிடும். தேர்வைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இதே கேள்வியோடு ஏஜென்ட் ஏஜென்டாக அலைந்தவன் நான்.

முடியாது. நீ எந்த மொழியில் படித்தாய், எந்த மொழியில் யோசிக்கிறாய் என்பதை வைத்து இங்கே விலக்கு கிடையாது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்றுதான் பார்ப்பார்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து, இந்த ஐந்தில் ஒன்று இருந்தால் 'காம்பிடன்ட்' அளவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டன் தன் விசாவுக்கு வைத்திருக்கும் விலக்குப் பட்டியல் இதைவிட நீளம். ஜமைக்கா, மால்டா, கயானா எல்லாம் அதில் உண்டு. பள்ளிக்கூடமே ஆங்கிலத்தில் நடக்கிற சிங்கப்பூர் இல்லை, இந்தியாவும் இலங்கையும் இல்லை. கனடாவின் பி.ஆர். திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் லண்டனில் பிறந்து வளர்ந்தவரும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம். எல்லாருக்கும் வை, இல்லையா யாருக்கும் வைக்காதே.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்த ஐந்து நாட்டுப் பாஸ்போர்ட் தருவது 'காம்பிடன்ட்' மட்டும்தான், பி.ஆருக்கு ஆட்களை வரிசைப்படுத்தும் பாயின்ட் கணக்கில் அதற்குப் பூஜ்யம். ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸின் லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்ற நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10 பாயின்ட், 8 எடுத்தால் 20. அந்தப் பாயின்ட் வேண்டுமென்றால் வெள்ளைக்காரரும் உட்கார்ந்து எழுத வேண்டும். 2017இல் செய்தியில் வந்தது, அயர்லாந்துக்காரர், இரண்டு பட்டம் வாங்கிய கால்நடை மருத்துவர், கம்ப்யூட்டர் மதிப்பெண் போடும் இன்னோர் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதியில் 74 வாங்கினார், தேவை 79. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் மட்டுமே பேசியவருக்கே அந்தக் கதி. அதனால் நான் நேட்டிவா இல்லையா என்று நிரூபிக்கும் சண்டையை விட்டுவிடு. பரீட்சை என்று நினைத்து மரியாதையாகத் தயார் செய்.

ஏஜென்ட் யாராவது, கல்லூரியிலிருந்து ஆங்கில வழிச் சான்றிதழ் வாங்கி வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பணத்தைக் கையிலிருந்து விடாதே. அந்தக் கடிதம் சில பல்கலைக்கழகங்களில் சீட் வாங்கவோ பிரிட்டன் விசாவுக்கோ உதவலாம் (பிரிட்டனுக்கும் எக்டிஸ் என்ற, வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் அமைப்பின் சான்று இல்லாமல் நடக்காது), இங்கே பாயின்ட்டுக்கு உதவாது. வீட்டிலிருந்தபடி எழுதும் ஆன்லைன் தேர்வையும் இங்கே ஏற்பதில்லை, மலிவு என்று அதில் சிக்காதே. அப்புறம் ஓவரால் 8 என்று பார்த்துக் குதிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கணக்கில் வருவது ஓவரால் இல்லை, நான்கும் தனித்தனியாக. லிசனிங்கில் 9, ரீடிங்கில் 9 வாங்கி ரைட்டிங்கில் 7.5இல் நின்றால் 20 பாயின்ட் போய் 10தான்.

நம் ஆட்கள் வழுக்குவது பெரும்பாலும் அந்த ரைட்டிங்கில்தான். பேச்சுக்குப் பயந்து பேச்சையே பயிற்சி செய்வார்கள், கட்டுரையைக் கோச்சிங் சென்டர் கொடுத்த டெம்ப்ளேட்டை மனப்பாடம் செய்து இறக்குவார்கள். 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கும் கட்டுரையை அன்றைக்கே எத்தனை படித்திருப்பார் அந்தத் தேர்வாளர்! இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியைப்போல இரண்டு மடங்கு மதிப்பு, குறைந்தது 250 வார்த்தை. மொத்தம் உள்ள ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தை அதற்கே வைத்துக்கொள். கேட்டதற்குப் பதில் எழுது, அலங்காரம் வேண்டாம்.

உச்சரிப்பு வகுப்புக்குப் போகவா என்று கேட்டாயே, போகாதே. ஐ.ஈ.எல்.டி.எஸ். பேச்சில் உச்சரிப்பு என்று பார்ப்பது நீ சொல்வது புரிகிறதா என்றுதான், யாரைப்போலப் பேசுகிறாய் என்றில்லை. இங்கே வந்து ஆறு மாதத்தில் குரலையே மாற்றிக்கொண்டு, நம்மவர்களிடம்கூட மூக்கால் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்த பையனின் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளிப்பதும் அவர்கள்தான். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

வந்த புதிதில் ஒரு சரக்குக் கிடங்கில் போன் எடுக்கும் வேலை எனக்கு. சரக்கு வரவில்லை என்ற எரிச்சலில் இருந்த ஒருவர், நான் பெயரைச் சொன்னதுமே, ஆங்கிலம் தெரிந்த யாரிடமாவது கொடு என்றார். பக்கத்து மேஜைக்காரர் போனை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ரசீது எண்ணை ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ என்று திருப்பிச் சொல்லி, லாரி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்று சொன்னேன். அதற்குப்பின் அவர் வேறு யாரையும் கேட்கவில்லை. என் உச்சரிப்பு அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும்; வேகத்தைக் குறைத்தேன், வாக்கியத்தைச் சின்னதாக்கினேன், அவ்வளவுதான். இப்போது எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளருக்குப் போகும் முக்கியமான கடிதம் எதுவும் நான் திருத்தாமல் வெளியே போகாது, எழுதுகிறவர்கள் இங்கேயே பிறந்தவர்கள்.

சரி, ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் ஜெனரல், அகாடமிக் என்று இரண்டு வகை, உன் வேலைக்கு ஜெனரல் போதும். நர்சு, டாக்டர் பதிவு போன்றவற்றுக்குத்தான் அகாடமிக் கேட்பார்கள். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதைக் கணக்குப் பார்த்துத் தேதி போடு. கடிகாரம் வைத்து நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதி அப்படியே எனக்கு அனுப்பு, சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.